பெயரும் அதிகாரமும்

திண்டுக்கல்லைச் சார்ந்த பேகம்பூரை நாம் நன்கறிவோம். ஹைதர் அலியின் தங்கையார் அமீருன்னிசா பேகம் ஆங்குள்ள பெரிய பள்ளிவாசலில் அடக்கம் பெற்றமையால் அப்பெயர் எழுந்தது என்பர். பெயரைத் தந்தது அரச குடும்பம். அதனை நிலைநிறுத்தியதோ மக்கள் வழக்கு. இவ்விரண்டனுள் எது வலிது என்னும் வினா, இணையத்தின் ஆட்சியை ஆராயப் புகுவார்க்கும் எழுகின்றது.

இணையத்துக் கணினிகளுக்கு எண்களே முகவரி. எண்களை நினைவிற் கொள்ளுதல் அரிதாகலின் பெயர்களை வழங்குகின்றோம். அப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் சொல் ஒவ்வொன்றும் எவர் பொறுப்பிலுள்ளது என்பதைக் காட்டும் மூலப்பட்டியல் ஒன்றுண்டு. 12 நிறுவனங்கள் அதனை உலகிற்கு வழங்கி வருகின்றன. அப்பட்டியலில் இடம்பெறாத ஈற்றுப்பெயர், வழி தெரியாத ஊரை ஒக்கும்.

நெடுங்காலம் இம்முகவரி ஒழுங்கைப் பேணியவர் கலிபோர்னியாவிலிருந்த ஜான் போஸ்டல் என்னும் அறிஞர். சக அறிஞர் அவர்பால் வைத்த நம்பிக்கையே அவர்தம் செங்கோல். 1998 ஜனவரியில், பட்டியலைத் தாங்குவோருள் 8 பேருக்கு, இனி அதனைத் தாம் குறித்த கணினியிலிருந்து பெறுமாறு எழுதினார், அவர்களும் இணங்கினர். அமெரிக்க அரசாங்கம் கண்டிக்கவே, அது சோதனையே எனக் கூறி மீட்டுக்கொண்டார். வழக்கின் வலிமையும் அதன் எல்லையும் ஒருங்கே விளங்கின. அவ்வாண்டே ஐகான் என்னும் நிறுவனம் தோன்றிற்று. அமெரிக்க அரசாங்கத்தின் மேற்பார்வை ஒப்பந்தம் 2016-ல் முடிவுற்றது.

எனினும், நம்பிக்கையால் நடக்கும் சபை யாவர்க்கும் நடுநிலையானது என்று கொள்ளலாகாது. ரோமன் எழுத்தும், எண்ணும், சிறு கோடுமே பெயர்க்குரியன என்பது பழைய வழக்கு. தமிழை விலக்குக என்று எவரும் ஆணையிட்டிலர், விதி வகுத்தோர் ஆங்கிலத்தில் எழுதினர், அதுவே போதுமாயிற்று. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தார் 1998-லேயே பிறவெழுத்துப் பெயர்களுக்கு வழிகாண முயன்றனர். ஆயினும் 'இலங்கை' 2010-லும், 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்பன 2011-லுமே தமிழெழுத்தில் பட்டியலேறின. இன்றும் அப்பெயர்கள் கணினிகளுக்கிடையே ரோமன் எழுத்து வேடம் பூண்டே செல்கின்றன.

இவ்வவைகளில் எவரும் கருத்துரைக்கலாம், வாயில் திறந்தேயுள்ளது. ஆனால் வாயில் திறந்திருத்தல் வேறு, உட்புகுதல் வேறு. ஆங்கிலப் பயிற்சியும், ஓய்வும், அவையின் பழக்கங்களை அறிதலும் வேண்டும். இவை வாய்த்தோர் சிலரே.

மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக. அவைக்கு வந்தோர் வழக்கினை ஆக்குகின்றனர். வாராதார்க்கோ அவ்வழக்கே சட்டமாகின்றது. பேகம்பூர் என்னும் பெயரை நிலைநிறுத்தியவர் அதனை நாள்தோறும் வழங்கிய எளியோரே. இணையத்திலும் நம் எழுத்தை நாமே வழங்கி, அதன் விதி வகுக்குமிடத்தில் நாமே சென்று பேசினாலன்றி, நமக்காகப் பிறர் பேசார்.