குடியை நிறுத்த எங்கே போவது?

கேள்வி: கணவர் ஓசூர் கம்பெனியில் வேலை. குடியை விட 'சென்டரில்' முன்பணமாகவே பெருந்தொகை கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: அந்தப் பணத்துக்காக நகையை அடகு வைக்காதீர்கள், சகோதரி. முதலில் 14446-க்குப் பேசுங்கள். மத்திய அரசின் கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண் அது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் ஓசூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் விசாரியுங்கள். பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஏழைகளுக்குச் சலுகையும் உண்டு. ரேஷன் கார்டு, ஆதாரை மறக்காதீர்கள்.

தனியார் மையமென்றால், 2017 மனநலச் சட்டப்படி பதிவுச் சான்று கேளுங்கள். மருத்துவரே வராத இடம், அடித்துத் திருத்தும் இடம் வேண்டவே வேண்டாம்.

தினமும் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பத்திரம்.