கழிவறைத் தண்ணீர் ஏன் திரும்பி மேலே வருது?



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. ஒரே நாளில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. திண்டிவனத்தில் தெருக்களுக்குள் தண்ணீர். டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்ததால் தென்பெண்ணைக் கரை ஊர்களும் மூழ்கின.

அதற்குப் பின் நடந்த குழுக் கூட்டங்களில் அரிசி, நிவாரணம், ஆடு மாடு என்று எல்லாம் பேசினோம். கழிவறை பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கலை. கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாங்க: "கோப்பையில இருந்து தண்ணி பொங்கி மேல வருது மேடம். ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம அடக்கிக்கிட்டு இருந்தேன்."

இன்னொரு உறுப்பினர் குழாயில் அடைப்பு என்று நினைத்து, குழுவில் உள்கடன் வாங்கித் தரையை உடைத்துப் பார்த்தாங்க. அடைப்பே இல்லை! பத்து நாளில் தண்ணீர் தானே இறங்கிடுச்சு. கடன் தவணை மட்டும் இறங்கலை.

காரணம் இதுதான். நம்ம வீட்டு உறைக்குழியில் விழும் தண்ணீரைச் சுற்றியுள்ள மண் உறிஞ்சணும். வெள்ளத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து மண் முழுக்க ஊறிப்போகுது. நனைந்த கோணிப்பை மேலும் தண்ணீர் குடிக்குமா? குழி நிரம்பி, வெளித் தண்ணீர் கோப்பையை விட உயரமானால் கழிவு வீட்டுக்குள் திரும்புது.

அப்போது கோப்பையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றாதீங்க. கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கோப்பையிலும் குளியலறை ஜாலி மேலும் அழுத்தி வையுங்க. அவசரத்துக்கு மூடியுள்ள வாளியில் சாம்பல் போட்டுப் பயன்படுத்தலாம், அல்லது மேட்டிலுள்ள வீட்டுக் கழிவறையைக் கேட்கலாம். இதில் வெட்கம் வேண்டாம். அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து.

தண்ணீர் வடியும் முன்னே லாரி வைத்துக் குழியைக் காலி செய்யச் சொல்றாங்க சிலர். வேண்டாம். ஈர மண்ணின் அழுத்தத்தில் காலியான உறை சரிந்துவிடும், செப்டிக் டேங்க் விரிசல் விடும். யாரையும் குழிக்குள் இறக்கவே கூடாது. விஷவாயு ஒரு நொடியில் ஆளைச் சாய்க்கும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் கூட. சுற்றுப்புறம் காய்ந்து ஒரு வாரம் ஆகியும் தண்ணீர் இறங்கலை என்றால்தான் சேறு அடைப்பா என்று பார்க்கணும்.

இதைவிடப் பெரிய கவலை குடிதண்ணீர். குழியில் பொங்கிய அதே தண்ணீர்தான் பக்கத்துக் கிணற்றிலும் தொட்டியிலும் கலக்குது. மோட்டார் நனைந்திருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போடணும். சாதாரண நாளில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அது போதாது. அளவை சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்க. அதுவரை தண்ணீர் நன்றாகக் கொதி வந்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்க. அரை கிராம் குளோரின் மாத்திரை கிடைத்தால் 20 லிட்டர் குடத்துக்கு ஒன்று போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். சேற்றில் நடந்தவர்களுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போகணும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க வீட்டுக் குழிக்கும் கிணறு அல்லது கைப்பம்புக்கும் எத்தனை அடி என்று அளந்து வாங்க. 50 அடிக்குக் குறைவான வீடுகளைத் தீர்மான நோட்டில் எழுதி, ஐப்பசி மழைக்கு முன்னாலேயே கூட்டமைப்பு மூலம் ஊராட்சிக்கு மனு கொடுப்போம்.