நகலா, பகிர்வா?

1957-இல் ஐபிஎம் வெளியிட்ட நிரல்மொழியான ஃபோர்ட்ரான் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதில் எழுதிய பழைய கணக்கு நிரல்களைப் பைத்தானிலிருந்து அழைக்க, நம்பை என்ற பைத்தான் நிரலகத்துடன் வரும் எஃப்டுபை என்ற கருவி உதவுகிறது. இரு மொழிகளும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதைப் பற்றிச் சில தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: மொழி மாறினால் தரவை நகலெடுத்தே ஆக வேண்டும்.

உண்மை: வேண்டியதில்லை. நம்பை அணியின் எண்கள் நினைவகத்தில் ஒரே தொகுதியாக இருந்தால், அதன் தொடக்க முகவரியைக் கொடுத்தாலே ஃபோர்ட்ரான் நேராக அங்கே படிக்கும், எழுதும்.

நம்பிக்கை: அப்படியானால் எஃப்டுபை நகலெடுப்பதே இல்லை.

உண்மை: முக்கியமாக இரண்டு இடங்களில் எடுக்கும், அதுவும் சத்தமில்லாமல். முதலாவது, எண்ணின் வகை. ஃபோர்ட்ரான் 8 பைட் மெய்யெண்ணை எதிர்பார்க்கும்போது நீங்கள் முழு எண் அணியைக் கொடுத்தால் நகல் உருவாகும். இரண்டாவது, அடுக்கும் முறை. நம்பை வழக்கமாக வரிசை வரிசையாக அடுக்கும். ஃபோர்ட்ரான் பத்தி பத்தியாக. பொருந்தாவிட்டால் நகல்தான். 10,000×10,000 அணிக்கு 8 பைட் வீதம் 80 கோடி பைட். நகலுக்கு இன்னொரு 80 கோடி.

இதைவிட மோசமானது பதில் காணாமல் போவது. பழைய ஃபோர்ட்ரான் 77 நிரல்களில் எது உள்ளீடு, எது வெளியீடு என்ற அறிவிப்பே இருக்காது. எஃப்டுபை எல்லாவற்றையும் உள்ளீடு என்றே எடுத்துக்கொள்ளும். நகல் உருவானால் ஃபோர்ட்ரான் அந்த நகலில் எழுதிவிட்டுப் போகும். உங்கள் அணி அப்படியே இருக்கும், பிழைச் செய்தியும் வராது. உள்ளீடும் வெளியீடும் என்று அறிவித்துவிட்டால், பொருந்தாத அணியைப் பிழை காட்டி மறுத்துவிடும்.

நம்பிக்கை: அணியைத் திருப்பிப் போட்டால் அடுக்குமுறைச் சிக்கல் தீரும்.

உண்மை: திருப்பும்போது ஓர் எண்கூட நகர்வதில்லை, படிக்கும் முறை மட்டுமே மாறுகிறது. நகல் தவிரும், ஆனால் ஃபோர்ட்ரான் காண்பது வரிசையும் பத்தியும் இடம் மாறிய அணியை. சமச்சீர் அணி என்றால் பரவாயில்லை. மற்றவற்றில் விடை தவறலாம். அணியை உருவாக்கும்போதே ஃபோர்ட்ரான் அடுக்கில் உருவாக்குவது நல்லது.

நம்பிக்கை: நினைவகத்தைப் பைத்தான் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: ஓர் அணியைச் சுட்டும் தன் பக்கக் குறிப்புகளை மட்டுமே அது எண்ணும். அழைப்பு முடிந்த பிறகும் பழைய நிரல் முகவரியை வைத்திருந்தால் பைத்தானுக்குத் தெரியாது, தன் குறிப்புகள் தீர்ந்ததும் இடத்தை விடுவித்துவிடும். பிறகு குப்பை விடை வரலாம், நிரலே சரிந்தும் விழலாம். முகவரி வெளியே இருக்கும்வரை அணியை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள். பழைய நிரல் ஒதுக்கிய இடத்தை அதுவே விடுவிக்கட்டும்.