முடிவையும் படமாகப் போடலாம்!

கணினி நிரல் எழுதும் முன் ஃப்ளோ சார்ட் போடுகிறோம் அல்லவா? ஒரு நிறுவனம் தினமும் எடுக்கிற முடிவுகளுக்கும் அப்படி ஒரு படமுறை இருக்கிறது. பெயர் டி.எம்.என். ஓ.எம்.ஜி. என்ற தர அமைப்பு இதன் 1.0 பதிப்பை 2015-ல் வெளியிட்டது. ஃப்ளோ சார்ட், அடுத்து என்ன செய்யணும் என்று காட்டும். இது, எதை வைத்து முடிவு பண்ணினோம் என்று காட்டும்.

நமக்குத் தெரிந்த ரயில் டிக்கெட்டையே எடுத்துக்குவோம். ஸ்லீப்பர் பெட்டியில் முன்பதிவு, கூட ஒரு குழந்தை. எவ்வளவு வாங்கணும்?

தாளில் ஒரு செவ்வகம் போட்டு உள்ளே ‘கட்டணம்’ என்று எழுதுங்கள். செவ்வகம்தான் முடிவு. கீழே மூன்று நீள்வட்டங்கள்: வயது, தனிப் படுக்கை வேண்டுமா, பெரியவர் கட்டணம். இவை உள்ளே வரும் விவரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் செவ்வகத்துக்கு அம்புக்குறி. பக்கத்தில், அடிப்பக்கம் அலை போல் வளைந்த கட்டம் ஒன்று: ‘ரயில்வே விதி’. அதிகாரம் எங்கிருந்து வருது என்று அது சொல்லும். இதிலிருந்து புள்ளிக்கோடு.

செவ்வகத்துக்குள் ஒரு அட்டவணை:

1. 5-க்குக் கீழ், படுக்கை வேண்டாம்: இலவசம்
2. 5-க்குக் கீழ், வேண்டும்: முழு
3. 5 முதல் 12-க்குக் கீழ், வேண்டாம்: பாதி
4. 5 முதல் 12-க்குக் கீழ், வேண்டும்: முழு
5. 12-ம் அதற்கு மேலும்: முழு

இங்கேதான் கவனம் வேணும். ‘5-க்குக் கீழ்’, ‘5-க்கு மேல்’ என்று எழுதிவிட்டால் சரியாக 5 வயதான பிள்ளைக்கு வரியே இல்லை! ‘5 வரை’, ‘5 முதல்’ என்று எழுதினால் அதே பிள்ளை ரெண்டு வரியில் மாட்டும்; ஒரு வரி இலவசம் என்கும், இன்னொன்று பாதி என்கும். கவுன்டரில் சண்டைதான். பதினோராம் வகுப்புக் கணிதத்தில் வரும் மூடிய இடைவெளி, திறந்த இடைவெளி நினைவிருக்கா? இந்த அட்டவணையிலும் அதே அடைப்புக்குறிகள்தான்: [5..12) என்றால் 5 சேரும், 12 சேராது.

அட்டவணையின் மூலையில் ‘யு’ என்ற எழுத்தைப் போட்டால், எந்த நேரத்திலும் ஒரே ஒரு வரிதான் பொருந்தலாம் என்று அர்த்தம். ‘எஃப்’ போட்டால் மேலிருந்து முதலில் பொருந்துவது. எனக்கு ‘யு’தான் பிடிக்கும், தப்பை மறைக்காது. ட்ரூல்ஸ் போன்ற மென்பொருள்கள் விடுபட்ட இடத்தையும் மோதும் வரிகளையும் தாங்களே தேடிச் சொல்லும். படம் மட்டும் வரைய கமுண்டா மாடலர் இலவசமாகவே கிடைக்குது.

2016 ஏப்ரல் 21-க்கு முன்னால் 5 முதல் 12-க்குள் உள்ள குழந்தைக்குப் பாதிக் கட்டணத்திலேயே படுக்கை கிடைத்தது. அன்று விதி மாறியது. நம் அட்டவணையில் 4-ஆம் வரியில் ஒரு சொல் மாற்றினால் போதும். இதே விதி நிரலுக்குள் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தால்? ஒரு இடம் விட்டுப்போனால் ஒரே வண்டியில் ஒருத்தருக்குப் பாதி, ஒருத்தருக்கு முழு.

போட்டுப் பாருங்கள்: 2020 மார்ச்சில் நிறுத்தும் வரை மூத்த குடிமக்கள் சலுகை இருந்தது. ஆண்களுக்கு 60 வயது முதல் 40%, பெண்களுக்கு 58 முதல் 50%. அதைச் சேர்த்தால் எந்த நீள்வட்டம் புதிதாக வரும்? 5-ஆம் வரி எத்தனையாகப் பிரியும்?