புற்றுக் காளானை இனங்காணல்

டிராம்பே என்றதும் 1954இல் நிறுவப்பட்ட அணு ஆராய்ச்சி நிலையமே நினைவுக்கு வரும். அதனை அடுத்துள்ள சீத்தா கேம்ப்பில், 1976இல் ஜனதா காலனியிலிருந்து குடியமர்த்தப்பட்ட தமிழர்கள் பலர் வாழ்கின்றனர். ஊரில் புற்றுக் காளான் உண்டு பழகியவர், மழைக்காலத்தில் இங்குப் புல்வெளியில் காணும் வெண்குடையையும் அதுவே எனக் கொள்வது இயல்பு. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

தென்னிந்தியக் காளான்களை ஆராய்ந்த கே. நடராஜன் 1979இல் விவரித்த 'டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி' புற்றுக் காளான்களுள் ஒன்று. இப்பேரினத்தை 1942இல் வகுத்த பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்மின் பெயரை அது தாங்கியுள்ளது. கறையான்கள் புற்றினுள் தம் கழிவால் கூடு அமைத்து, அதில் இப்பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. மழை பெய்து மண் நனைந்த சில நாட்களில் மட்டுமே அது குடையாக வெளிவருகிறது. கறையானின்றி இது வளராது. ஆகவே சிப்பிக் காளானைப்போல் கொட்டகையில் இதனைப் பயிரிட இயலவில்லை.

இதன் குடை வெண்மையானது. நடுவிலுள்ள முனை பழுப்பு கலந்த சாம்பல் நிறமுடையது. தண்டில் தடித்த வளையம் உண்டு. புல்வெளியில் முளைக்கும் 'குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ்' என்ற நச்சுக் காளானுக்கும் வெண்குடை, பழுப்பு நடு, வளையம் மூன்றும் உண்டு! எனவே மேற்தோற்றத்தை நம்புதல் கூடாது. காளானைப் பிடுங்காமல் தோண்டி எடுத்தல் வேண்டும். புற்றுக் காளானின் தண்டு வேர்போல் நீண்டு கறையான் கூடு வரை செல்லும். நச்சுக் காளானுக்கு அவ்வேர் இல்லை.

அடுத்த சோதனை வித்துத்தூளின் நிறம். விரிந்த குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓரிரவு வைத்தால் தூள் படியும். புற்றுக் காளானுடையது இளஞ்சிவப்பு, குளோரோஃபில்லத்தினுடையது பச்சை. உயிர் பறிக்கும் அமானிட்டா வகைகளின் தூள் வெண்மையாதலால் கறுப்புத் தாளிலேயே தெரியும். அவற்றின் அடியில் பை போன்ற உறையும் இருக்கும். வேர், தூள் ஆகிய இரண்டில் ஒன்று பொருந்தாவிடினும் விலக்குதலே முறை. இளங்குடையில் தூள் உதிராது. அதனை இச்சோதனையால் அறிய முடியாது.

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி தின்றால் நல்லது என்பன ஆதாரமற்ற நம்பிக்கைகள். சமைப்பதாலும் அமானிட்டாவின் நஞ்சு அழிவதில்லை. குளோரோஃபில்லம் சில மணி நேரத்தில் வாந்தியெடுக்கச் செய்யும். அமானிட்டாவோ பெரும்பாலும் ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே அறிகுறி காட்டி, ஈரலைச் சிதைக்கும். இடையில் நோய் தணிந்ததுபோல் தோன்றுவதும் உண்டு. மருத்துவமனைக்குச் செல்வோர் எஞ்சிய காளானையும் எடுத்துச் செல்ல வேண்டும்.