உங்கள் சுற்றறிக்கை எல்லாருக்கும் படிக்கக் கிடைக்க…

சங்கம், பள்ளி, குடியிருப்பு என்று எதற்காவது வேர்டில் அறிக்கை தயாரிப்பவரா? பார்வையற்றவர்கள் அதைத் திரைவாசிப்பான் மென்பொருள் வழியே காதால் படிக்கிறார்கள். அவர்களுக்காகச் சில மாற்றங்கள்:

1. யூனிகோடு எழுத்துருவில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். முதல் வேலை இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கண்ணுக்குத்தான் அது அம்மா. கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பானுக்கும் அதுவே கிடைக்கும். பழைய கோப்புகளை மாற்றித் தர இலவசக் கருவிகள் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள்.

2. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது. ‘ஹெடிங்’ ஸ்டைலைக் கொடுங்கள் (கண்ட்ரோல், ஆல்ட், 1). கேட்பவர் தலைப்பு தலைப்பாகத் தாவிச் செல்லலாம்.

3. படத்தின் மேல் வலச்சொடுக்கி, மாற்று உரை எழுதுங்கள். ‘படம் 1’ என்பது விளக்கமாகாது. படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்.

4. அட்டவணையை ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எண்கள் வாசிப்பானுக்கு எழுத்தாகக் கிடைப்பதில்லை.

5. வெளிர் மஞ்சள், வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம். மங்கிய பார்வை உள்ளவர்களுக்குத் தெரியாது.

6. எல்லாம் சரியானதும் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். அடுத்த மாதம் ஸ்டைல்களை மறுபடி அமைக்க வேண்டியதில்லை.

7. பிடிஎஃப் ஆக்கும்போது ‘பிரிண்ட்’ வழியே போகாமல் ‘சேவ் ஆஸ்’ கொடுங்கள். அச்சு வழியில் தலைப்பு, மாற்று உரை அடையாளங்கள் பெரும்பாலும் தொலைந்துவிடும்.

அனுப்பும் முன் என்விடிஏ திரைவாசிப்பானில் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள், அது இலவசம்.