பாட்டியின் அவரை ஏன் பூக்கவில்லை?

மாணவர்களே, ஃபேரர் பார்க்கில் நான் குடியிருக்கும் புளோக்கில், பக்கத்து வீட்டுப் பாட்டி தஞ்சாவூரிலிருந்து வந்த பந்தல் அவரை விதையைப் போன ஆடி மாதம் தொட்டியில் ஊன்றினார். கொடி தாழ்வாரக் கம்பியில் ஏறி, இலை இலையாகத் தழைத்தது. பொங்கலுக்கு அவரைக்காய்க் கூட்டு வைக்கலாம் என்று காத்திருந்தார். பொங்கலும் வந்து போனது. ஒரு பூகூட இல்லை. கடைசியில் தேக்கா சந்தையில்தான் காய் வாங்கினார்.

“எனக்குக் கைராசி போயிடுச்சு டீச்சர். பிடுங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்” என்றார்.

“ஒரு மாசம் பொறுங்க பாட்டி” என்றேன். கைராசியை அளக்க நம்மிடம் கருவி இல்லை. ஆனால் உரம், ஒளி, இருட்டு ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் சந்தேகம்: உரம்

அவரை பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி பயன்படுத்தும் வடிவத்திற்கு மாற்றித் தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. நன்றாக வேலை செய்யும் முடிச்சை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

ஆகவே அவரைக்கு நைட்ரஜன் உரம் அதிகம் வேண்டாம். அளவு மீறினால் இலை தழைக்கும், பூ தள்ளிப் போகும். பாட்டி வாரந்தோறும் உரம் போட்டு வந்தார். அதை நிறுத்தினோம். ஒரு மாதம் ஆயிற்று. அப்போதும் பூ இல்லை.

இரண்டாம் சந்தேகம்: இரவு

“ஊர்ல ஆடியில போட்டா மார்கழி, தையில காய்க்கும்” என்று பாட்டி சொன்னதுதான் எனக்குத் துப்பு. பந்தல் அவரையின் பழைய நாட்டு ரகங்கள் பல, குறும்பகல் தாவரங்கள். பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அவை பூக்கும். தஞ்சாவூரில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 12¾ மணி நேரம். டிசம்பரில் 11½ மணி நேரம். அந்த மாற்றத்தைக் கொண்டே கொடி பருவத்தை அறிகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் பகல் சுமார் 12 மணி நேரம்தான். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே 10 நிமிட வேறுபாடுதான் உண்டு.

போதாக்குறைக்கு, பாட்டியின் தொட்டிக்கு நேர் மேலே தாழ்வார விளக்கு. அது விடியும்வரை எரிகிறது.

செடி இரவை எப்படி அளக்கிறது?

அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் இதே போன்ற புதிரைச் சந்தித்தார்கள். ‘மேரிலேண்ட் மம்மத்’ என்ற புகையிலை ரகம் கோடையில் ஆளுயரம் தாண்டி வளரும், பூக்காது. அவர்கள் செடிகளைத் தினமும் சில மணி நேரம் இருட்டறைக்குள் வைத்துப் பகலைக் குறைத்தார்கள். பூத்துவிட்டது! 1920ஆம் ஆண்டு தங்கள் முடிவை வெளியிட்டார்கள்.

1938இல் ஹாம்னர், போனர் என்ற விஞ்ஞானிகள் மருளூமத்தை இனச் செடியில் இன்னொன்றைக் கண்டார்கள். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி காட்டினாலே போதும், அது பூக்காது. அதாவது, ‘குறும்பகல் தாவரம்’ என்று நாம் சொன்னாலும், அது உண்மையில் அளப்பது இடையூறு இல்லாத இருட்டின் நீளத்தை.

அளக்க உதவுவது இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி. சிவப்பு ஒளி பட்டதும் அது ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும். இருட்டில் மெல்லத் திரும்பி வரும். வெள்ளை விளக்கின் ஒளியிலும் சிவப்பு கலந்திருக்கிறது. இருட்டு போதிய அளவு நீண்டால், இலையிலிருந்து புளோரிஜென் என்னும் பூத்தூண்டி, கொடியின் நுனிக்குச் செல்லும். அங்கே மொட்டு உருவாகும்.

நாங்கள் செய்த சோதனை

அதே விதையை இரண்டு தொட்டிகளில் ஊன்றினோம். மண், நீர், இடம் எல்லாம் ஒன்றே. கொடி பெரிதாகாமல் நுனியைக் கிள்ளிவிட்டோம். ஐந்து இலை வந்ததும், ஒரு தொட்டியை மட்டும் தினமும் மாலை 6 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை 8 மணிக்குத் திறந்தோம். மூடித் திறக்கும் வேலையைப் பாட்டியே ஏற்றுக்கொண்டார், ஒரு நாளும் தவறவில்லை.

எட்டாவது வாரம் பெட்டிக்குள் இருந்த கொடியில் ஊதா நிற மொட்டுகள். விளக்கடியில் இருந்ததில் இலை மட்டுமே. “கைராசி இருக்கு டீச்சர்!” என்றார் பாட்டி.

ஆனால் அவசரப்படாதீர்கள். பெட்டி ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டது: விளக்கொளியைத் தடுத்தது, பகலையும் 10 மணி நேரமாகக் குறைத்தது. எது காரணம்? இதைப் பிரித்தறிய மூன்றாவது தொட்டி வேண்டும். அதை மாலை 7 முதல் காலை 7 வரை மட்டும் மூட வேண்டும். மேலும், இரண்டே தொட்டிகளை வைத்து எல்லா அவரைக்கும் முடிவு சொல்ல முடியாது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்களும் உண்டு. கர்நாடகத்தின் ‘ஹெப்பாள் அவரை 3’ அப்படிப்பட்டது.

வீட்டில் வளர்ப்போர் கவனத்திற்கு

• குளிர்நாடுகளில் சிவப்பாகப் பூக்கும் ரன்னர் பீன்ஸ் நம் வெப்பத்தில் சரியாகக் காய் பிடிக்காது. பயற்றங்காய், சிறகவரை, அவரை ஆகியவை நமக்கு ஏற்றவை.

• தொட்டித் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரமே போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தட்டைக் கவிழ்த்துத் துடையுங்கள்.

• தாழ்வாரத்தில் நடைவழியை மறிக்காதீர்கள்.

• இளங்காயைப் பொரியல், கூட்டு செய்யலாம். முற்றிய அவரை விதையைப் பச்சையாகத் தின்னக் கூடாது. சயனைடு வெளியிடும் பொருள்கள் அதில் இருக்கலாம். ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

சிந்தியுங்கள்

1. இந்தச் சோதனையில் மாறாமல் வைத்திருந்தவை எவை?

2. மூன்றாவது தொட்டி பூத்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? பூக்காவிட்டால்?

3. மூடியிருக்கும் பெட்டியை இரவு 12 மணிக்குச் சில நிமிடம் திறந்து பார்த்தால் என்ன ஆகலாம்?

மூன்றாவது தொட்டியில் பாட்டி சென்ற வாரம் விதை ஊன்றிவிட்டார். நீங்களும் ஊன்றுங்கள், தினமும் பார்த்து, தேதியோடு குறித்து வையுங்கள்.